நல்ல தொட்டி

“தை மாதம், பொங்கல் கழிந்த முதல் புதன்கிழமை. காலை பத்தேகால். நல்ல வெயில். திருச்செங்கோட்டுக்கு வெளியே, மேட்டுத் தெரு, ரிக்காரர் வீடு. ஆட்கள் ஒன்பது பேர். தொட்டியின் ஆழம் எட்டடி. தண்ணீர் மூன்றடி. வெளிக்குழாய் உலர்ந்திருக்கிறது, அதன் வாயில் சிலந்தி வலை. கழிவை எடுக்கத் தேவையில்லை. நல்ல தொட்டி.”

இது என் கையால் நான் எழுதிய குறிப்பு. சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் ஆண்டுதோறும் கொடுக்கும் டைரியில்தான் என் தொழில் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. மேலே ஒரு புனிதரின் பெயர், கீழே ஒரு கழிவுநீர்த் தொட்டியின் அளவு. இந்தக் குறிப்பில் கிழமை சரி, நேரம் சரி, அடிக்கணக்கு சரி. கடைசி இரண்டு சொற்கள் மட்டும் தவறு. அந்த இரண்டு சொற்களால் ஒரு பெண்ணின் பிழைப்பே போகப் பார்த்தது.

புதிதாகக் கழிவுநீர் வண்டி எடுத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பம்பு, குழாய், உரிமம் பற்றியெல்லாம் நான் பேசப் போவதில்லை. என்னைவிட உங்கள் கைப்பேசிக்கு அதிகம் தெரியும். தொட்டிக்குள் இறங்காதீர்கள். யார் கெஞ்சினாலும், யார் மிரட்டினாலும் இறங்காதீர்கள். இது அனுபவம் இல்லை, சட்டம். ஆகவே இதற்குக் கதை கிடையாது. கதை இருப்பதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்கலாமா என்று நிற்கும் இடத்தில்தான்.

முதலில் உங்கள் வாடிக்கையாளர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டி எப்போது கட்டியது என்று கேட்டால் யாரும் வருடம் சொல்ல மாட்டார்கள். நாமகிரிப்பேட்டையில் ஒருவர், “பெரியவன் பத்தாவதுல பெயிலானப்பங்க” என்றார். அந்தப் பெரியவன் பக்கத்திலேயே நின்றான். எந்தத் தடவை பெயிலானபோது என்று நான் கேட்க வேண்டியிருந்தது, பதிவு துல்லியமாக இருக்க வேண்டுமே. அவன் அந்த நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ரிக்காரர் வீட்டில் கேட்டபோது, “மூணாவது ரிக் வாங்குன வருசம்” என்று பதில் வந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியைத்தான் எங்கள் பக்கம் ரிக் என்போம், அதை வைத்திருப்பவர் ரிக்காரர். அவர் வீட்டில் பிள்ளைகளின் வயதைக்கூட ரிக்கை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

அடுத்தது தண்ணீர். நம் தொழில்காரனுக்கு வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுப்பவர்கள் குறைவு. முன்பெல்லாம் கையில் ஊற்றுவார்கள். இப்போது நாகரிகம் வளர்ந்துவிட்டது, கடையில் வாங்கிய பாட்டிலை மூடி உடைக்காமல் நீட்டுகிறார்கள். “பாட்டிலை நீங்களே வெச்சுக்குங்க” என்று தாராளமாகவும் சொல்கிறார்கள். ரிக்காரர் வீட்டில் எப்போதும் பாட்டில்தான். அதே தெருவின் கீழ்க்கோடியில் மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மா இருந்தார். மாவுக்காரக்கா என்று தெரு அழைக்கும். அவர் மட்டும் தங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் தங்கள் வீட்டுப் போர் தண்ணீரை மொண்டு கொடுப்பார். இந்த இரண்டு வீட்டுத் தண்ணீரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் பகுதிக்கே உரிய பெருமை. “எங்க ஊட்டு டேங்க்கு இதுவரைக்கும் நெறஞ்சதே இல்லீங்க” என்பது இங்கே குடும்ப கௌரவம். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒரு வீட்டில் இதைச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையோடு தலையாட்டினார்கள். நிறைந்த வீடு என்று வாழ்த்துவதெல்லாம் மற்ற அறைகளுக்கு மட்டும் என்று புரிந்துகொண்டேன்.

ரிக்காரர் வீட்டில் ஏதோ விசேஷம் வருகிறது, ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அழைத்துத்தான் அந்தத் தை மாதம் போனேன். பார்த்தேன், மேலே சொன்னபடி எழுதினேன். மூன்று வருடம் கழித்து மறுபடியும் அழைத்தார்கள். இரண்டாவது குறிப்பு: “மாசி, இரண்டாம் திங்கள். ஆட்கள் ஒன்பது. தண்ணீர் அதே மூன்றடி. சிலந்தி வலை அப்படியே. மிக நல்ல தொட்டி.” அடைமொழியில் ஒரு படி உயர்வு கொடுத்திருக்கிறேன், பாருங்கள். அத்தோடு விடவில்லை. பரமத்தி வேலூர் வரைக்கும் போன இடத்திலெல்லாம், கட்டினால் ரிக்காரர் கட்டியது போலக் கட்ட வேண்டும் என்று பிரச்சாரம் செய்தேன்.

பம்பு ஓடும் நேரத்தில் வண்டியின் நிழலில் உட்கார்ந்து நான் நிறையப் படித்தவன். பழைய நகரங்களில் சாக்கடை எப்படி ஓடியது என்று படித்திருக்கிறேன். கண்முன்னே ஒன்பது பேர் வீட்டுத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த ஐப்பசியில் அந்தத் தெருவின் கீழ்ப்பாதியில் நான்கு வீடுகளில் நோய் வந்தது, பெரும்பாலும் வாந்திபேதி. ஒரு வீட்டில் இருவர், இன்னொரு வீட்டில் மூவர். ஒரு பையனுக்கு மஞ்சள் காமாலை. நான்கு வீடுகளிலும் சாப்பாட்டில் பொதுவாக இருந்தது என்ன என்று தெரு யோசித்தது. யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை. மாவுக்காரக்காவின் மாவு.

நான் அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் தொட்டியைக் காலி செய்யப் போனபோது மாவுக்காரக்கா வாசலில் கூட்டம். இளவயது சுகாதார ஆய்வாளர் ஒருவர் மாவை டப்பாவில் எடுத்து முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். முடிவு வரும்வரை விற்கக் கூடாது என்று உத்தரவு. உள்ளே இரண்டு கிரைண்டரும் சும்மா நின்றன. முடிவு எப்போது வரும் என்று அந்த அம்மா கேட்டதற்கு, “வந்தா சொல்லுவோம்” என்றார் ஆய்வாளர். மாவுக்காரக்காவுக்கு அந்தத் தொழில் ஒன்றுதான். கணவர் இல்லை, மகள் கல்லூரியில் படிக்கிறாள். பத்து நாள் மாவு வாங்காமல் பழகிவிட்ட தெரு பதினோராம் நாள் வேறு கடைக்குப் போய்விடும். அது அவருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும்.

கூட்டத்தின் முன்வரிசையில் ரிக்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள். தெருச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

“மாவுல சோடா உப்ப அள்ளிப் போடறா. என்ற கண்ணால பார்த்தேன்” என்றார் ரிக்காரர் மனைவி.

மாவுக்காரக்கா அழவில்லை. “ஏனுங்கக்கா, மாவுதான்னா உங்க ஊட்டுக்குத்தான் தெனமும் நாலு கிலோ வருது. உங்கூட்டுல ஒருத்தருக்காச்சும் ஒரு ஏப்பம் வந்துச்சுங்களா?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நியாயமான கேள்வி. ரிக்காரர் சிரித்தார். “எங்க ஊட்டு வயிறு வேற. எங்க டேங்க்கு மாதிரி. எதப் போட்டாலும் அசராது. வேணும்னா நோட்டுக்காரனக் கேளுங்க, எழுதியே வெச்சிருக்கான். ஏப்பா நோட்டுக்காரா, படிச்சுக் காட்டு!”

நோட்டுக்காரன் நான்தான். வண்டியிலிருந்து பழைய டைரிகளை எடுத்து வந்து, ஒரு பெருமிதத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். ஆட்கள் ஒன்பது. தண்ணீர் மூன்றடி. மூன்று வருடம் கழித்தும் மூன்றடி. வெளிக்குழாயின் வாயில் சிலந்தி வலை.

அந்த வலையில் நான் மாட்டிக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியும். ஒழுங்காக வேலை செய்யும் தொட்டி எப்போதும் வெளிக்குழாய் மட்டம் வரைக்கும் நிறைந்துதான் நிற்கும். உள்ளே வந்த அளவு வெளியே போகும். நிறையாத தொட்டி என்றால் எங்கோ ஓட்டை. முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஆனால் வீட்டுக்காரர் பெருமைப்பட்ட வேகத்தில் நானும் சேர்ந்து பெருமைப்பட்டுவிட்டேன். எழுத்தில் வேறு பெருமைப்பட்டிருக்கிறேன். சத்தமாகப் படித்தபோதுதான் அது என் காதில் விழுந்தது.

“ஏங்க, ஒன்பது பேரு குளிச்சுக் கழுவி ஊத்துற தண்ணி அத்தனையும் எங்கங்க போகுது?” என்று கேட்டேன்.

அவர் மறைப்பார் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தினார். “போருக்கு!”

“எந்தப் போருக்குங்க?”

“இந்தத் தெரு பூராவும் பாறை. உறிஞ்சு குழி தோண்டுனா ஒரு சொட்டு எறங்காது. டேங்க்கு கட்டுன வருசம் பொங்கலுக்கு ரிக் வாசல்ல சும்மாதான் நின்னுச்சு. பசங்களை உட்டு ஒரே நாள்ல எழுநூறு அடி எறக்கிப்புட்டேன். தண்ணி வரல, பாறைத்தூளுதான் பொகையாட்டம் வந்துச்சு. சரி, போட்டது வீணாப் போகக் கூடாதுன்னு டேங்க்குல மூணடி ஒசரத்துல ஒரு குழாயப் போட்டு அதுல உட்டுட்டேன். எப்படி யோசனை?”

வடக்கே பல மாநிலங்களில் கிணறு போட்டு வந்தவர் அவர். எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில், ஆறரை அங்குலத் துளை. ஆய்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரிக்காரர் முந்திக்கொண்டார். “எழுநூறு அடிங்க. பாதாளம். அங்க போனது எந்தூரு பஸ்ஸப் புடிச்சுத் திரும்பி வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். மாவுக்காரக்கா மட்டும் சிரிக்கவில்லை. “என்ற போரு ஐந்நூத்தம்பது அடிங்க” என்றார். “உங்க ரிக்குதான் போட்டுச்சு.”

சிரிப்பு நின்றது. எழுநூறு அடிக்குப் போகிற தண்ணீர் ஐந்நூற்றைம்பதைத் தாண்டித்தான் போக வேண்டும், வழியில் பாறை இடுக்கு ஒன்று இருந்தால் பக்கத்துப் போருக்கும் போகும். அவர் வீடு தெருவின் பள்ளத்தில் இருக்கிறது. நோய் வந்த நான்கு வீடுகளும் அந்தப் பக்கம்தான். நான்கிலும் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ரிக்காரர் வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர்.

நான் அந்த வருட டைரியை எடுத்து, நான்கு வாரம் பின்னோக்கிப் புரட்டினேன். “செவ்வாய், மாவுக்காரக்கா வீட்டில் தண்ணீர் ஒரு டம்ளர். வியாழன், வயிறு சரியில்லை. வெள்ளி, வண்டி எடுக்கவில்லை.” நான் அந்த மாவை வாங்கியதே இல்லை. என் வீட்டில் களிதான். அதையும் படித்துக் காட்டினேன். என் வயிற்றுப்போக்கைப் பொது இடத்தில் கிழமை வாரியாக வாசித்தது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

ரிக்காரர் என்னைத் தனியே இழுத்தார். குரலைத் தாழ்த்தினார். “ஏப்பா, நல்ல தொட்டின்னு எழுதுனது நீ. மிக நல்ல தொட்டின்னு எழுதுனதும் நீ. இன்னைக்கு மாத்திப் பேசுனா நாளைக்கு உன்ற நோட்ட எவன் நம்புவான்? இந்தத் தெருவுல முப்பது ஊடு இருக்குது.”

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த நிமிடம். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முப்பது வீடும் அவர் சொன்னால் வேறு வண்டியைக் கூப்பிடும். அதைவிடப் பெரிய உறுத்தல், அது என் நோட்டு. என் தேதிகளையும் என் அளவுகளையும் ஊரே நம்புகிறது என்பதுதான் என் ஒரே அகந்தை. ஒரு பக்கம் அந்த அகந்தை, இன்னொரு பக்கம் சும்மா நிற்கும் இரண்டு கிரைண்டர். அரை நிமிடம் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும்.

ஆய்வாளரிடம் சிவப்புப் பேனா கேட்டு வாங்கினேன். எல்லோரும் பார்க்க அந்த இரண்டு வரிகளையும் அடித்து, பக்கத்தில் அன்றைய தேதி போட்டு, “பிழை” என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். “இது என் தப்புங்க. நீங்களும் எழுதிக்குங்க” என்றேன்.

ஆய்வாளர் தன் தாளைப் புரட்டிப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்: “எங்கிட்ட மாவுக்குத்தான் படிவம் இருக்குதுங்க. தண்ணிக்கு வேற ஆபீஸ்.”

சாயம் ஊற்றிப் பார்க்கலாம் என்றேன். தொட்டியில் நிறம் கலந்தால், கீழ்வீட்டுப் போரில் அது வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ரிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஊத்து! பத்து கிலோ ஊத்து! என்ற டேங்க்கப் பத்தி எனக்குத் தெரியாதா?”

துணிச் சாயம் எங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் குடிக்கிற தண்ணீரில் போய்ச் சேரக்கூடியது. ஆகவே கடைவீதியில் பாய் கடையில் கேசரிப் பவுடர் கேட்டேன், இரண்டு கிலோ. பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தனை ஆயிரம் பேருக்குங்க கல்யாணம்?” என்றார். ஒன்பது பேருக்கு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

தெரு முன்னிலையில் ரிக்காரரே மூடியைத் திறந்துவிட்டார். கரைத்து ஊற்றினோம். அந்த வீட்டில் அன்று எனக்கு வழக்கம்போல ஒரு பாட்டில் தண்ணீர் கிடைத்தது.

மாவுக்காரக்கா குடிப்பதை நிறுத்திவிட்டு, தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் போர் தண்ணீரைப் பிடித்து ஜன்னலில் வைத்தார். தினமும் போனில் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். முதல் நாள் தெளிவு. இரண்டாம் நாள் தெளிவு. மூன்றாம் நாள் தெளிவு. அன்று அவர் குரலில் தெம்பு இல்லை. “ஏனுங்ணா, அந்தாளு சொன்ன மாதிரி பாதாளத்துக்கே போயிருச்சோ?” நிறம் வராவிட்டால் தெருவுக்கு என்ன சொல்வது என்று நானும் அன்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான்காம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தேன், போன் அடித்தது. “அண்ணா, தண்ணி மஞ்சப் பூசிக்கிட்டு வந்திருக்குதுங்!”

வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். டம்ளரில் இளம் காவி நிறம். ரிக்காரர் கொடுத்த பாட்டில் வண்டியிலேயே காலியாகக் கிடந்தது. அதில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, தேதி, நேரம் எழுதி ஒட்டினேன்.

ரிக்காரரையும் அழைத்து வந்து காட்டினோம். உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். “துரு. கேசிங் பைப்பு துரு.”

“நீங்க போட்டது பிளாஸ்டிக் பைப்புங்க” என்றார் மாவுக்காரக்கா.

“அப்ப மோட்டார் குழாய் துரு.”

அந்தக் குழாய் இரும்பு. அதையும் நேர்மையாக எழுதி வைத்திருக்கிறேன்.

கீழ்வீடுகளின் தண்ணீரைச் சேலத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தோம். குடிக்க உகந்ததல்ல என்று வந்தது. யாருடைய தொட்டியிலிருந்து வந்தது என்று அதில் இல்லை. கிருமிக்கு வீட்டு எண் கிடையாது. அதே வாரம் மாவின் முடிவும் வந்தது. மாவில் குற்றமில்லை.

ரிக்காரர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வாசலில் சிமெண்ட் மூட்டைகள் இறங்கின. அந்தப் போரை அடைத்து, மேலே சிமெண்ட் பூசி, ஒரு துளசிச் செடியும் வைத்துவிட்டார்கள். தெருவில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம்: “வாஸ்துக்காரர் சொன்னாருங்க. ஈசானி மூலையில ஓட்டை இருக்கக் கூடாதாமா.” ஈசானி வடகிழக்கு, அந்த ஓட்டை இருந்தது வடமேற்கே, வாயு மூலையில். திசையும் என் டைரியில் இருக்கிறது. அதை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. சில பிழைகளை அப்படியே விட்டுவிடுவதும் தொழில் நுட்பம்தான்.

மாவுக்காரக்கா கேன் தண்ணீருக்கு மாறி, மறுபடியும் கிரைண்டரை ஓட்டினார். முதல் நாள் முதல் ஆளாகப் பாத்திரத்தோடு வந்தது ரிக்காரர் மனைவி. “எப்பவும் போல நாலு கிலோ.” மன்னிப்பு, வருத்தம் எதுவும் கிடையாது.

“சோடா உப்பு போட்டதுங்களா, போடாததுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் மாவுக்காரக்கா கரண்டியை எடுத்தார். இதை அவரே எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து ரிக்காரர் போன் செய்தார். குரலில் துக்கம். “ஏனுங்க நோட்டுக்காரரே, டேங்க்கு கெட்டுப்போச்சுங்க. நெறைய ஆரம்பிச்சிருச்சு.”

போய்த் திறந்தேன். தண்ணீர் ஏழடி. வெளிக்குழாயில் மெல்லிய ஓட்டம். சிலந்தி வலையைக் காணோம். நான் பேனாவை எடுத்ததும் அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“என்ன எழுதறீங்க?”

“ஏழடி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் எந்தத் தொட்டியையும் நல்லது என்றும் கெட்டது என்றும் எழுதவில்லை. அளவை எழுதினேன். அளவு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்தப் பாட்டில் இன்றும் என் புத்தக அலமாரியில் இருக்கிறது. கேசரிப் பவுடர் என்றால் நிறம் தண்ணீரோடு கலந்தே இருக்க வேண்டும். துரு என்றால் அடியில் படிந்து மேலே தெளிய வேண்டும். போன வாரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் படிந்திருக்கிறது. மேலேயும் கொஞ்சம் நிறம் இருக்கிறது. நான்காம் நாள் வந்தது ரிக்காரர் வீட்டுத் தண்ணீர்தானா, மாவுக்காரக்கா வீட்டு இரும்புக் குழாய்தானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டில் தேதிக்குக் கீழே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.